விபூதி விழுந்த பக்கம்

அந்த நாவலைப் போல என்னைச் சிரிக்கவைத்த புத்தகம் வேறு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், பிடிக்காத புத்தகத்தைத் திட்டுவதற்காக ஒருத்தி இவ்வளவு எழுதுகிறாள் என்று நினைத்துக்கொள்வீர்கள். பிடித்தது, தலைகால் புரியாமல் பிடித்தது. அதைப் படித்துச் சிரித்ததால்தான், பதினோரு வருஷம் கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள் இன்றைக்கு நாலு சீட்டு தள்ளி உட்காருகிறாள். ஒரு புத்தகத்தால் அப்படியும் ஆகுமா என்று கேட்பவர்கள் மேலே படிக்கலாம்.

ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் நான் செக்கிங்கில் இருக்கிறேன். தைத்து முடித்த ஷூவின் மேல்பாகம் என் மேஜைக்கு வரும். தையல் கோடு விட்டு ஓடியிருந்தால், பசை வெளியே வந்திருந்தால், தோலில் சுருக்கம் விழுந்திருந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். பேச வேண்டியதில்லை, எழுத வேண்டியதில்லை. அம்பைப் பார்த்ததுமே தைத்தவளுக்குப் புரியும்: இது உன் தப்பு, பிரித்துத் தை. இந்த வேலையில் நல்ல பேர் வாங்கினவர்கள் யாரும் கிடையாது, ஆனால் நான் கண்ணைச் சிமிட்டாமல் பார்ப்பேன் என்று லைனில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் தோழி தையலில் இருக்கிறாள். அவளுடைய தையலிலும் வாரத்துக்கு ஒன்றிரண்டு அம்பு ஒட்டுவேன்; வேண்டியவள் என்று விட்டால் மொத்த லைனும் என்னைப் பார்த்துச் சிரிக்கும். அவளுக்கு அதில் கோபம் வந்ததே இல்லை. மாலையில் பஸ் ஏறி உட்கார்ந்ததும், "இன்னாடி, இன்னிக்கு எனக்கு அம்பு கம்மியா இருந்துச்சி, ஸ்டிக்கர் தீந்துபோச்சா?" என்பாள். பிறந்தது விரிஞ்சிபுரம். வாழ்க்கைப்பட்டது எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில், மூன்று தலைமுறையாகச் சபைக்குப் போகிற குடும்பத்தில். கல்யாணத்துக்கு முன்னால் ஞானஸ்நானம் எடுத்தாள். கணவர் சபையில் கமிட்டி உறுப்பினர். மாமியார் பொட்டு வைத்த பெண்கள் வந்து போன நாற்காலியைக்கூட ஒருமுறை துடைக்கிற ரகம். என் நாற்காலியையும் துடைத்திருப்பார், நான் திரும்பிப் பார்த்ததில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பெண் எங்கள் பக்கத்துக்கு வந்தாள். பத்திரிகையில் வேலை பார்த்து விட்டுவிட்டதாகச் சொன்னாள். தோல் கம்பெனிப் பெண்களைப் பற்றி எழுத வேண்டும் என்று ஆம்பூரில் ஒரு மாதம் அறை எடுத்துத் தங்கினாள். யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டில்தான் சாப்பாடு. கத்தரிக்காய்க் குழம்பை விரல் விரலாக நக்கிச் சாப்பிடுவாள். "அக்கா, உங்கள மாதிரி கதை சொல்ல எனக்கு வராதுக்கா" என்பாள். அதைக் கேட்டபோது எனக்குள் என்னவோ குளிர்ந்தது. கம்பெனியில் நான் வாயைத் திறந்தால் அது தப்பு சொல்வதற்காகத்தான் என்று எல்லோருக்கும் தெரியும். நான் பேசுவதைக் கேட்பதற்கென்று ஒருத்தி நோட்டோடு வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. தெருவில் நடந்தது, லைனில் நடந்தது, எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டேன். "பேரு மட்டும் போடாதம்மா" என்றேன். "சத்தியமா போட மாட்டேன்க்கா" என்றாள். அந்தச் சத்தியத்தை அவள் காப்பாற்றினாள். அதை மட்டும்தான் காப்பாற்றினாள்.

போன வருஷம் கூரியரில் புத்தகம் வந்தது. கம்பெனிப் பெண்களைப் பற்றிய புத்தகமாக இருக்கும் என்று பிரித்தால், கொலைக் கதை. முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் "என் அக்காவுக்கு" என்று எழுதியிருந்தது. அதை எத்தனை பேரிடம் காட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கேன்டீனில் டீ ஊற்றுகிறவரிடம்கூடக் காட்டினேன்.

கதை இதுதான். பாலாற்றில் தண்ணீர் வரும்வரை சாப்பிட மாட்டேன் என்று பந்தல் போட்டு உட்கார்ந்த ஒரு சாமியார் ஒன்பதாம் நாள் காலையில் செத்துக்கிடக்கிறார். வாய் நிறைய பிரியாணி. ஆளுங்கட்சி, இது எதிரிகள் ஊட்டிய பிரியாணி என்கிறது. எதிர்க்கட்சி, இது யார் ஆட்சியில் வெந்த பிரியாணி என்று கேட்கிறது. டிவியில் விவாதம்: 'தொண்டையில் சிக்கியது சோறா, சூழ்ச்சியா?' இன்ஸ்பெக்டர் துப்புத் துலக்குவதற்காக ஊரிலுள்ள ஒவ்வொரு பிரியாணிக் கடையிலும் உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்க்கிறார். அத்தியாயத்துக்கு அத்தியாயம் பெல்ட்டில் ஓர் ஓட்டை கூடுகிறது. அவர் எந்தத் தடயத்தைத் தேடிப் போனாலும் அது ஏற்கெனவே டிவியில் ஓடிக்கொண்டிருக்கிறது. கோயில் திருவிழா, உபவாச ஜெபம், தர்கா உரூஸ், கட்சி மாநாடு, நாலுக்கும் ஊரில் ஒரே மைக் செட்காரர். எல்லா உண்மையும் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரிடம் யாரும் எதையும் கேட்பதில்லை, சத்தத்தைக் கூட்டு, குறை என்பதைத் தவிர. கடைசியில் பார்த்தால் கொலையே கிடையாது. எலும்பு சிக்கிச் செத்திருக்கிறார். அதை யாரும் ஒப்புக்கொள்வதில்லை. கொலையை நம்பி அதற்குள் இரண்டு பேர் எம்எல்ஏ ஆகிவிட்டார்கள்.

சாப்பாட்டு நேரத்தில், பொருட்கள் வைக்கும் அறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். சிரிப்பை அடக்கிப் புரையேறி, தயிர்சோறு மூக்கில் ஏறியது. எங்கள் ஊரை இப்படி யாரும் எழுதிப் பார்த்ததில்லை. தண்ணீரில்லாத ஆற்றில் நின்றுகொண்டு "பக்தர் வெள்ளம்" என்று மைக்கைப் பிடிக்கிற டிவிக்காரனை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவர்களுக்கு மதி எங்கே போச்சு என்று எத்தனை தடவை டிவி முன்னால் கத்தியிருக்கிறேன். அவள் எனக்காகக் கத்தியதுபோல் இருந்தது.

ரொம்பச் சிரித்த இடங்களை மறக்கக் கூடாதென்று அடையாளம் வைத்தேன். பையில் கைவிட்டால் கிடைப்பது அம்பு ஸ்டிக்கர்தான். அதையே ஒட்டினேன். ஒரு சிரிப்புக்கு ஓர் அம்பு. இருபது, இருபத்தைந்து ஒட்டியிருப்பேன். ஓர் இடத்துக்கு மட்டும் இரண்டு.

அந்த இரண்டு அம்பு இடம் இது. செத்துப்போன சாமியாருக்குச் சர்வமத அஞ்சலிக் கூட்டம், டிவியில் நேரடியாக ஓடுகிறது. மகளிரணிச் செயலாளர் ஒரு குண்டு அம்மாள், உடம்பெல்லாம் நகை, எந்த மேடையில் ஏறினாலும் அந்த மேடைச் சாமியைக் கும்பிடுகிறவர். வாசிப்பதற்காக பைபிளைத் திறக்கிறார். உள்ளேயிருந்து ஒரு காகிதப் பொட்டலம் அவிழ்ந்து விபூதி கொட்டுகிறது. பதறிப்போய்க் கையைத் தூக்க, ரவிக்கைக் கைக்குள்ளேயிருந்து தர்காவில் மந்திரித்த கயிறு எட்டிப் பார்க்கிறது. பக்கத்தில் நிற்கும் தோழி ஓடிவந்து, மாவட்டச் செயலாளரின் வெள்ளை வேட்டியில் கொட்டிய விபூதியை முந்தானையால் துடைக்கிறாள். துடைக்கத் துடைக்கப் பரவுகிறது. அந்தத் துடைப்பை டிவிக்காரர்கள் மெதுவாக ஓடவிட்டு, சிவப்பு வட்டம் போட்டு, விடிய விடியக் காட்டுகிறார்கள். 'வேதாகமத்தில் விபூதி: அதிசயமா, அட்டூழியமா?' மறுநாள் அந்த பைபிளைப் பார்க்க வரிசை நிற்கிறது. வரிசைக்கு மைக் செட் அதே ஆள்.

கண்ணில் நீர் வரச் சிரித்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. சத்தியமாகத் தோன்றவில்லை. இதை நான் யாரிடம் எத்தனை முறை சொன்னாலும் நம்புவதற்கு ஆளில்லை, நானே சில நாள் நம்புவதில்லை.

நான் தனியாகச் சிரிப்பதைப் பார்த்துவிட்டு லைனில் நச்சரித்தார்கள். "இன்னா மேடம், நீங்க மட்டும் சிரிச்சிக்கினு இருக்கீங்க, எங்களுக்கும் சொல்லுங்க." செக்கிங்கில் இருப்பவர்களை லைனில் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். சரியென்று காலையில் பஸ்ஸில் தினம் பத்துப் பக்கம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். பள்ளிகொண்டா தாண்டியதும் ஆரம்பித்தால் ஆம்பூர் வரும்போது முடியும். சாமியாருக்கு ஒரு குரல், இன்ஸ்பெக்டருக்கு ஒரு குரல், டிவிக்காரனுக்கு மூக்கால் ஒரு குரல். டிரைவர்கூட கண்ணாடியில் பார்த்துச் சிரிப்பார். என் தோழி ஜன்னலோரம். இன்ஸ்பெக்டரின் பெல்ட்டுக்கு அவளும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

விபூதிப் பக்கம் ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. இதுதான் உச்சம், கேளுங்கள் என்று முன்னுரை வேறு கொடுத்தேன். எழுந்து நின்று, ஒரு கையால் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, நடித்தே காட்டினேன். அந்த அம்மாள் பைபிளைத் திறப்பதை, விபூதி கொட்டுவதை, கயிறு எட்டிப் பார்ப்பதை. சிரிப்பில் பஸ் குலுங்கியது. அடுத்து தோழி ஓடிவந்து துடைக்க வேண்டும். என் புடவை முந்தானையை எடுத்து, முன் சீட்டின் முதுகில் இப்படியும் அப்படியுமாகத் துடைத்தேன்.

அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது.

இந்தக் கை ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி துடைத்திருக்கிறது. என் தோழிக்கு அப்போது நாலு வயதில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். மூளைக்காய்ச்சல். வேலூரில் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள். சபையில் தினமும் ஜெபம் நடந்தது. அவளுடைய அம்மா விரிஞ்சிபுரத்திலிருந்து மார்கபந்தீஸ்வரர் விபூதியைப் பேப்பரில் மடித்துக் கொண்டுவந்து, யாருக்கும் தெரியாமல் அவள் கையில் திணித்தார். பேக்கிங்கில் இருந்த வாணியம்பாடி அக்கா ஒருவர், "பேஜார் ஆவாத, கொயந்த எந்திரிச்சிடும்" என்று தர்காவில் மந்திரித்த கயிறு ஒன்றைக் கொடுத்தார். கயிற்றை ரவிக்கைக் கைக்குள் மறைத்துக் கட்டிக்கொண்டாள். விபூதியை ஒளித்துவைக்க ஆஸ்பத்திரியில் வேறு இடமில்லை. மாமியார் தொட மாட்டார் என்று அவளுக்குத் தெரிந்த ஒரே பொருள் அவளுடைய சொந்த பைபிள். அதற்குள் வைத்தாள். பகலெல்லாம் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பதின்மூன்றாம் நாள் குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். சின்னப் பெட்டி, வெள்ளை கவுன். பாஸ்டர் ஜெபம் பண்ணும்போது எல்லோரும் கண்ணை மூடியிருந்தார்கள். எனக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் திறந்திருந்தேன். ஆஸ்பத்திரியில் படித்துக்கொண்டிருந்த இடத்தை அடுத்து அவள் வாசிக்க வேண்டும் என்று பாஸ்டர் சொல்லியிருந்தார். பக்கத்தை எடுத்துவைக்க அவள் பைபிளைத் திறந்தாள். பொட்டலம் அவிழ்ந்து குழந்தையின் கன்னத்திலும் கவுனிலும் கொட்டியது. அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத எனக்குத் தெரியாது. ஒரே எட்டில் போய், முந்தானையால் கன்னத்தைத் துடைத்து, கவுனைத் தட்டி, காகிதத்தை இடுப்பில் செருகிக்கொண்டேன். பாஸ்டர் ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது குழந்தை சுத்தமாக இருந்தாள்.

ஒரு வாரம் கழித்து அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். "யாருக்கும் சொல்லாதடி. தெரிஞ்சா, நான் விபூதி வெச்சதாலதான் கொழந்த போய்ட்டான்னு சொல்லுவாங்க." பிறகு மெதுவாக, "எனக்கே அப்பிடித்தான் தோணுது" என்றாள். அவளுக்கு அதற்கப்புறம் குழந்தை பிறக்கவில்லை.

ஐந்து வருஷம் சொல்லாமல் இருந்தேன். பிறகு, மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, நோட்டோடு வந்த பெண்ணிடம் சொன்னேன். இந்த ஊரில் சாமிக்கெல்லாம் சண்டை கிடையாது, சண்டை மனுஷனுக்குத்தான் என்று பெரிய மனுஷி மாதிரி ஏதோ பேசப்போய், அதற்கு உதாரணமாகச் சொன்னேன். நன்றாகச் சொன்னேன். அவள் அழுதாள். அழுகிறாளே என்று மிச்சத்தையும் சொன்னேன். நுணலும் தன் வாயால் கெடும். நுணல் தான் மட்டும்தான் கெடும். நான் இன்னொருத்தியையும் சேர்த்துக் கெடுத்தேன்.

பஸ்ஸில் முந்தானையைக் கையில் பிடித்தபடி இதெல்லாம் ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அப்போதே நிறுத்தியிருக்கலாம். தொண்டை கட்டியது என்று சொல்லியிருக்கலாம். பஸ் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தது, பின் சீட்டுப் பெண் "அப்புறம் இன்னா ஆச்சி மேடம்" என்று கத்தினாள். நான் படித்தேன். சிவப்பு வட்டம், அதிசயமா அட்டூழியமா, வரிசை, மைக் செட், பத்தி முடிகிறவரை மூக்கால் படித்து முடித்தேன். தெரியாமல் சிரித்ததற்கு மன்னிப்பு உண்டென்றால்கூட, தெரிந்து முடித்த அந்த அரைப் பக்கத்துக்குக் கிடையாது.

உட்கார்ந்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பெனி வாசலில் இறங்கும்போது, "அந்த புக்க குடு, பட்ச்சிட்டுத் தர்றேன்" என்றாள். கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வது?

மூன்று நாள் கழித்து, காலையில், பஸ் நிற்கும் இடத்தில் திருப்பிக் கொடுத்தாள். விபூதிப் பக்கத்தில் விரலை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாதான் எழுதியிருக்கா. நீ சொல்லாம அவளுக்கு எப்பிடித் தெரியும்னு நான் கேக்கல. வாய் இருக்குது, வந்துடுச்சி." பக்கத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். "இது இன்னாத்துக்கு, ரெண்டு அம்பு?"

"அது, சிரிப்பு வந்த எடம்."

"எனக்குத் தெரிஞ்சி அம்புக்கு ஒரே அர்த்தம்தான்."

புத்தகத்தை மூடி என் கையில் வைத்தாள்.

"பதினோரு வருஷமா என் தையல்ல ஒட்டுன. பிரிச்சிப் பிரிச்சித் தெச்சேன். இத எப்பிடிடி பிரிக்கிறது?"

அவள் என்னை டி போட்டுப் பேசியது அதோடு சரி. பஸ் வந்தது. அவள் முன்னால் ஏறி, டிரைவருக்குப் பின்னால் இருந்த சீட்டில் போய் உட்கார்ந்தாள்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் எழுதியவளுக்கு போன் போட்டேன். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான், ஆனாலும் யாரையாவது பிடிக்க வேண்டியிருந்தது. சந்தோஷமாக எடுத்தாள். "அக்கா, பட்ச்சீங்களா?" என்று எங்கள் பேச்சையே எனக்குப் பேசிக் காட்டினாள். விஷயத்தைச் சொன்னேன்.

"பேர் எங்கயும் போடலையேக்கா. ஆளே வேற. அவங்களக் கிண்டல் பண்ணலக்கா, அந்த மீடியாவை, அரசியலைத்தான் கிண்டல் பண்ணியிருக்கேன். படிக்கிறவங்களுக்கு அது புரியும்."

"அந்தக் கொழந்த எங்கம்மா?"

"எந்தக் குழந்தை?"

"பெட்டில இருந்த கொழந்த. எங்க காணோம்?"

வாத்தியார் பாடம் சொல்கிற குரலில் பொறுமையாகச் சொன்னாள்: "அது இருந்தா யாரும் சிரிக்க மாட்டாங்கக்கா. அதனால எடுத்துட்டேன்."

நான் போனை வைத்துவிட்டேன். அவள் பொய் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. உண்மையைத்தான் சொன்னாள். குழந்தை இருந்தால் நானும் சிரித்திருக்க மாட்டேன். குழந்தையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைப் போட்டாள்; நான் இரண்டு அம்பு ஒட்டினேன். மதத்தை வைத்து வயிறு வளர்க்கிறவனையும், செத்தவனை வைத்து ஓட்டு வாங்குகிறவனையும், அழுகிறவள் முகத்தில் மைக்கை நீட்டுகிறவனையும் கிழிகிழியென்று கிழித்த நாவல் அது. என் வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்காய்க் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போய், அவர்கள் செய்வதையே செய்துவிட்டாள். இதைச் சொல்லும்போதும் அந்த இன்ஸ்பெக்டரின் பெல்ட் ஞாபகம் வந்தால் எனக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. நாவல் நல்ல நாவல். அதுதான் வயிற்றெரிச்சல்.

தோழியிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். இரண்டு முறை போனேன். "பரவால்ல விடுங்க மேடம்" என்றாள். லைனில் நூறு பேர் என்னை மேடம் என்கிறார்கள், அதில் ஒன்று கூடியதற்கு நான் டாய்லெட்டில் போய் நின்று அழுதேன். அவள் தையலில் தப்பு வந்தால் இப்போதும் அம்பு ஒட்டித்தான் ஆக வேண்டும். ஒட்டாமல் விட்டுப் பார்த்தேன். எழுந்து என் மேஜைக்கே வந்து, "இது ஓடியிருக்குது மேடம், பாக்கலயா" என்று காட்டிவிட்டு, தானே எடுத்துப்போய்ப் பிரித்தாள்.

இந்தச் சமாசாரத்தை எல்லாம் நான் இப்படி எழுதலாமா என்று கேட்பீர்கள். அவளே ஊர் முன்னால் சொல்லிவிட்ட பிறகுதான் எழுதுகிறேன். அதற்கும் அவளிடம் கேட்டேன். "எழுதுங்க மேடம், எல்லாரும்தான் எழுதுறாங்க" என்றாள்.

ஊர் முன்னால் சொன்னது இப்படி. அவர்கள் சபையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் சாட்சி சொல்கிற நேரம் உண்டு. யாராவது எழுந்து முன்னால் போய், தங்களுக்கு நடந்ததைச் சொல்வார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, புருஷன் குடியை விட்டான், கட்டி கரைந்தது என்று நல்லதாக முடிகிற கதைகள்தான் பெரும்பாலும். அந்தச் சபைக்குப் போகிற ஒரு பெண் லைனில் இருக்கிறாள். "இந்த வாரம் அவங்க சாட்சி சொல்லப்போறாங்களாம் மேடம்" என்று அவள்தான் என்னிடம் சொன்னாள். போனேன். பெண்கள் பக்கம் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். கணவர் முன்னால் கமிட்டியோடு. மாமியார் இரண்டாம் வரிசையில், முக்காடு போட்டு.

அவள் பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றாள். மைக்கை ஒருவர் நீட்டினார், வேண்டாம் என்று தள்ளிவிட்டாள்.

"எம் பொண்ணுக்கு ஜொரம் வந்தப்ப நான் ஆண்டவர்கிட்ட மட்டும் கேக்கல" என்று ஆரம்பித்தாள். "எங்கம்மா விபூதி குடுத்தாங்க, இதுக்குள்ளதான் வெச்சிக்கினேன். ஒரு பாய் வூட்டு அக்கா கயிறு குடுத்தாங்க, கையில கட்டிக்கினேன். மூணு பேரையும் கேட்டேன், யாராச்சும் ஒருத்தர் குடுப்பாங்கன்னு. யாரும் குடுக்கல. நான் இப்பிடிப் பண்ணதாலதான் எம் பொண்ணு போய்ட்டான்னு ஒம்போது வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன். மறச்சி வெச்சதாலதான் அப்பிடி நெனச்சேன். அவ நோவு வந்து போனா. என்னால போவல. இத நானே சொல்லணும்னு தோணுச்சி. வேற யாரும் சொல்லக் கூடாது."

கணவர் தலையைத் தூக்கவில்லை. மாமியார் முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டார்; அது கோபமா அழுகையா என்று பின்னால் இருந்த எனக்குத் தெரியவில்லை. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் என்ன வரும் என்று எனக்குத் தெரியும். நல்லதாகவோ கெட்டதாகவோ, அடுத்த வார்த்தையில் என்னைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திட்டினாலும் போதும் என்று இருந்தது.

"வூட்ல ஜெபம் நடக்கறப்ப, இத தொறந்தேன். விபூதி எம் பொண்ணு மேல கொட்டிடுச்சி" என்றாள். கடைசிப் பாய் வரை பார்த்தாள். நான் இருப்பதைப் பார்த்தாள்.

"பக்கத்துல யாரும் இல்ல. நானே என் முந்தானையால தொடச்சேன்."

அவள் சொன்ன அத்தனையும் உண்மை, அது ஒன்றைத் தவிர. அந்தச் சபையில் அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.